தங்க பஸ்ப நோட்டீசுக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு நோட்டீசிலிருந்து வந்தது. மஞ்சள் தாள், ஒரு பக்க அச்சு, ஐயாயிரம் பிரதி. கதை எழுத ஆரம்பித்த இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு மொத்தமாகச் சேர்த்தாலும் ஐயாயிரம் வாசகர்கள் தேற மாட்டார்கள். அந்த நோட்டீசுக்கு ஒரே வாரத்தில் சேர்ந்தார்கள். படித்தார்கள், நம்பினார்கள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். எந்த எழுத்தாளனும் ஏங்குகிற மாதிரி வாசகர்கள்.

போடிநாயக்கனூரில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கடை திறப்பு விழா. யார் செத்தாலும் "மீளாத் துயரில்" என்று நான்தான் துயரப்பட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதை எழுதுவேன். அது வேறு பெயரில். புனைபெயர் இருப்பதில் ஒரு வசதி உண்டு: அச்சகத்தில் இருக்கிறவனுக்கும் கதை எழுதுகிறவனுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் மறைக்காமல் வைக்கிறேன்.

"ஏலக்காய் மணம் கமழும் மலையடிவாரத்தில்—"

அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவன் போடிக்கு வந்திருக்க மாட்டான். இங்கேயே கிடக்கிறவனுக்கு அந்த வாசனை தெரியாது. மூக்கு எப்போதோ பழகிவிட்டது.

"ஆதிகாலம் தொட்டே மனிதனைத் தங்கம் மயக்கி வந்திருக்கிறது. அணிந்தது போதாதென்று அதைத் தின்னவும்—"

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

"மொக்கம்மாளுக்கு முதலில் வீங்கியது வலதுகை ஆள்காட்டி விரல்."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை, பெயரைத் தவிர.

2

மொக்கம்மாளுக்கு முதலில் வீங்கியது வலதுகை ஆள்காட்டி விரல். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. சிலமலைக்காரி. கல்யாணமான மறுவருஷமே மலைக்கு ஜீப்பு ஏறியவள். விடியும் முன்னே கிளம்பி, போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் இடுக்கித் தோட்டத்தில் இறங்கி, ஏலச்செடியின் காலடியில் குத்தவைத்துக் காய் எடுக்க வேண்டும். காய் தரையை ஒட்டிக் காய்க்கும். மழை மேலே பெய்யும், ஈரம் கீழேயிருந்து ஏறும், அட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் ஏறும். இருபது வருஷம் அந்த வேலை. தண்ணீரைக்கூட மலையாளத்து ஆட்கள் மாதிரி "வெள்ளம்" என்றுதான் சொல்வாள்.

விரல் கணுக்கள் ஒவ்வொன்றாக வீங்கி, முழங்காலும் மடங்க மறுத்தபோது மலையை விட்டுவிட்டு போடியில் ஒரு கடைக்குக் காய் பொறுக்க வந்தாள். பெரிய கொட்டகையில் நாற்பது ஐம்பது பெண்கள் முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, பிளந்தது, பூச்சி அரித்தது, நிறம் போனது என்று பிரிப்பார்கள். மொக்கம்மாள் அதில் கெட்டிக்காரி. சாயம் ஏற்றிய காய் ஒரு மூட்டைக்குள் ஒளிந்திருந்தாலும் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். வெல்லம் வாங்கினால் ஒரு துண்டைக் கரைத்துப் பார்க்காமல் பாயசம் வைக்க மாட்டாள்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு சூட்டிகையான பெண் எப்படி ஏமாந்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவளைக் கொஞ்சம் வெகுளியாக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்குச் சௌகரியம். எனக்கும் சௌகரியம். அதனாலேயே வேண்டாம் என்று விட்டேன்.]

3

இனி மருந்து விற்றவர். ஈஸ்வர் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீசு வரும்.

நாற்பது வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எந்தப் படிப்பும் படித்தவரில்லை. "பரம்பரை வைத்தியர்" என்ற பட்டம் அச்சகத்து மேசையில் நான் கொடுத்தது. சித்த மருத்துவம் முறையாகப் படித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை நான் அன்றைக்கும் அறிவேன்.

"சார், தங்க பஸ்பம்னு சும்மா போட்டா எடுபடாது. பழசா இருக்கணும். ராசாக்க காலத்து வாடை அடிக்கணும்" என்றார்.

"எந்த ராசா?"

"அது உங்க சோலி. எழுத்தாளருன்னு சொன்னாங்களே."

கவிழ்ந்தேன். இந்த ஊரில் என்னை எழுத்தாளர் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர். வீட்டில்கூட "அந்தக் கிறுக்கல்" என்றுதான் பேச்சு. ஒரு டீயும் வாங்கிக்கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். பட்டமும் செல் நம்பரும் போக மீதியை முழுசாகத் தருகிறேன்:

"மலைக்குளிர் ஏறிய மூட்டுக்கு மன்னர்கள் உண்ட மருந்து! ஏலமலை ஆண்ட வேந்தர்கள் வைகறையில் மலைத்தேனில் குழைத்து உண்டு நூறாண்டு வாழ்ந்த சொக்கத் தங்க பஸ்பம். நூற்றெட்டுப் புடமிட்டது. முடங்கிய விரல் மலரும், மடங்காத கால் நடக்கும். பாதரசம், ஈயம் அறவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது."

ஏலமலை ஆண்ட வேந்தர்கள் என்று யாரும் இல்லை. நூற்றெட்டு என்ற எண் ஓசைக்காக வந்தது. இவற்றைக்கூட விட்டுவிடலாம்.

கடைசி இரண்டு வரிகளை ஈஸ்வர் கேட்கவில்லை. "கால் நடக்கும்" என்று நின்றால் நோட்டீசு தொங்கலில் நிற்கிற மாதிரி இருந்தது. கனமாக ஏதாவது கீழே வைக்க வேண்டும் என்று தோன்றியது. அழகுக்காகச் சேர்த்தேன். சேர்த்துவிட்டு, "சோதிச்சிருக்கீங்கள்ல?" என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கு சார்" என்றார். காகிதத்தைக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. வரி நன்றாக உட்கார்ந்துவிட்டது, அதைக் கலைக்க மனசில்லை.

4

பாதரசம் என்ற வார்த்தை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க வேண்டுமல்லவா? படித்ததிலிருந்துதான். ஈஸ்வர் வருவதற்கு முந்தின மாதம், தங்கம் தின்ற மனிதர்களைப் பற்றி ஒரு கதை எழுதலாம் என்று தேடித்தேடிப் படித்து வைத்திருந்தேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லுகிற வழியும் எனக்கு இல்லை. அந்தக் குறிப்பேட்டிலிருந்து:

சீனத்தில் சாகாமல் இருக்க ஆசைப்பட்ட பேரரசர்கள் தங்கமும் பாதரசமும் சேர்ந்த மருந்து குடித்தார்கள். சிலர் அதைக் குடித்தே செத்தார்கள். பிரான்சில் ஓர் அரசவைப் பெண் இளமை போகாமல் இருக்கத் தங்கநீர் குடித்தாள். நானூறு வருஷம் கழித்து அவள் தலைமுடியைச் சோதித்தபோது அதில் தங்கம் இருந்ததாம். உடம்பு போயிற்று, தங்கம் மிஞ்சியது.

நம் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் மோதிரத்தைக் கல்லில் உரசி நாக்கில் தடவுகிற வழக்கம் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் வயம்போடு உரசுவார்கள், இந்தப் பக்கம் அதையே வசம்பு என்போம். அந்த மோதிரத்தில் தங்கத்தோடு வேறு என்ன உலோகம் இருக்கிறது, அந்தக் கல்லில் நேற்று என்ன உரசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

போன நூற்றாண்டில் இங்கிலீஷ் வைத்தியமும் இதைச் செய்தது. இதே மூட்டு நோய்க்குத் தங்க உப்பை ஊசியில் ஏற்றினார்கள். சிலருக்கு நிஜமாகவே கேட்டது. சிலருக்குத் தோல் உரிந்தது, சிலருக்குச் சிறுநீரில் புரதம் போனது. அதனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் சோதித்தார்கள், ஆகாதவர்களுக்கு நிறுத்தினார்கள், அதைவிட நல்ல மருந்து வந்ததும் தங்கத்தைக் கைவிட்டார்கள்.*

பெரிய ஊர் இனிப்புக் கடைகளில் தங்க ரேக்கு ஒட்டிய பலகாரம் விற்கிறார்கள். சுத்தத் தங்கமாக இருந்தால் அது ஒன்றும் செய்யாது. நாக்குக்கு ருசி இல்லை, உடம்புக்குப் பலன் இல்லை, உள்ளே போனபடியே மறுநாள் வெளியே போய்விடும். பணக்காரர்கள் தின்கிற தங்கத்தில் ஆபத்து இல்லை. அதில் தங்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

[* சோதித்தார்கள், நிறுத்தினார்கள், கைவிட்டார்கள். இந்த மூன்று வினைச்சொற்களும் என் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு இருக்கின்றன. அடிக்கோடு போட்டவன் நான்தான்.]

5

நோட்டீசு ஜீப்பு நிற்கிற இடத்தில் விநியோகமானது. தூக்குவாளியோடு ஏறுகிற பெண்களுக்கு ஆளுக்கொன்று. மொக்கம்மாளோடு முன்பு காய் எடுத்த ஒருத்தி அவளுக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். மொக்கம்மாள் ஈஸ்வரின் வாடகை அறைக்குப் போய் ஒரு மாத மருந்து வாங்கினாள். வெறும் வெள்ளைத்தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள், பெயரில்லை, முத்திரையில்லை.

வாங்கியவள் உடனே தின்றுவிடவில்லை. மொக்கம்மாள் அல்லவா! பத்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ராமர் ஆசாரியிடம் போனாள். முப்பது வருஷமாக நகை செய்கிறவர்.

"ஆசாரியாரே, இதுல மெய்யாவே தங்கம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் பொடியைத் தங்கம் உருக்குகிற சின்ன மண்மூசையில் கொட்டி, வெங்காரப் பொடி தூவி, நெருப்பை ஊதினார். முதலில் கந்தக வாடையோடு புகை எழுந்தது. கடைசியில் மூசையின் அடியில் கசகசா அளவுக்கு ஒரு மஞ்சள் மணி நின்றது. அதை உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டுப் பார்த்தார்.

"இருக்கு ஆத்தா. சொக்கத் தங்கம்."

"புகையாப் போச்சே, அது என்னது?"

"மருந்துன்னா வேரு, தழை எல்லாம் கெடக்கும். அதுதான் எரியுது."

மொக்கம்மாள் நிம்மதியாக வீட்டுக்கு வந்து, அன்றைக்கே மருந்தைத் தேனில் குழைத்துத் தின்றாள்.

முறத்தின் முன் உட்கார்ந்த காலமெல்லாம் அவள் செய்தது கெட்டதைத் தேடி எடுத்து எறிவது. அன்று ஒரு நாள் நல்லதைத் தேடினாள். கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டாள். தங்கத்தையே போடுகிறவன் நஞ்சைப் போடுவானா என்று அவள் நினைத்தாள். நாம் எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறோம்.

[இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் எழுந்து இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். கதையின் உச்சம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எட்டாம் பகுதியில் எனக்கு அது செருப்படியாகத் திரும்பி வரும்.]

6

முதல் மூன்று மாதம் வலி குறைந்தது. அதில் வலிமாத்திரையை அரைத்துக் கலந்திருக்கலாம் என்று பின்னால் டாக்டர் சந்தேகப்பட்டார். விரல் கொஞ்சம் மடங்கியது. மொக்கம்மாள் தன்னோடு காய் பொறுக்குகிற நான்கு பெண்களுக்கும் வாங்கிக்கொடுத்தாள். ஒன்றரை வருஷம் தின்றாள். பிறகு காலையில் முகம் வீங்கியது, கால் வீங்கியது, சிறுநீர் சோப்புத்தண்ணீர் மாதிரி நுரைத்தது. வீங்கின முகத்தோடேயே இன்னும் ஐந்து மாதம் தின்றாள், மூட்டு நீர் இறங்குகிறது என்று ஈஸ்வர் சொன்னதால்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். மிச்சமிருந்த இரண்டு பொட்டலத்தை மகள் சோதனைக்கு அனுப்பினாள். பாதரசம் இருந்தது, ஈயம் இருந்தது. தங்கமும் இருந்தது. மற்ற நான்கு பெண்களில் இரண்டு பேருக்குச் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருக்கிறது.

7

மகள் பெயர் முத்துப்பிரியா. இருபத்தாறு வயது. போடியில் ஒரு செல்போன் கடையில் வேலை. நோட்டீசின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். முதலாளி வெளியே போயிருந்தார். இடுப்பில் இருந்து இருந்து மடிப்புகளில் கிழிந்துபோன நோட்டீசை மேசையில் விரித்தாள்.

"அண்ணே, இத எழுதுனது நீங்கதான?"

இல்லை என்று சொல்ல எனக்கு அரை வினாடி இருந்தது. என் எழுத்தைப் படித்துவிட்டு என்னைத் தேடிவந்த ஒரே வாசகி. "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. வரிசையாகச் சொன்னாள். ஈஸ்வர் அறையைக் காலி செய்துவிட்டு வேறு ஊரில் கடை போட்டிருக்கிறார். அப்படி ஒரு மருந்தைத் தான் விற்கவே இல்லை என்கிறார். பொட்டலத்தில் பெயரில்லை. நோட்டீசில் போட்ட செல் நம்பர் யார் பெயரிலோ வாங்கியது.

"இத எழுதச் சொன்னது அந்த ஆளுதான்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதாண்ணே. அத ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கம்ப்ளைண்டோட வைக்கணும். எந்த டெஸ்டு ரிப்போர்ட்டும் பாக்காமத்தான் எழுதுனேன்னும் சேத்து எழுதணும்."

"எம்மேலயும் கேசு வருமே தாயி."

"வருமான்னு எனக்குத் தெரியாது. வரட்டும்னுகூட ஒரு மனசு சொல்லுது. பொய் சொல்லலண்ணே, அப்படித்தான் இருக்கு. ஆனா நான் வந்தது அதுக்கு இல்ல. அந்தாளு அங்கயும் இதே பொட்டலத்த மடிச்சுக்கிட்டு இருக்கான்."

இரண்டு நாள் டயம் கேட்டேன். ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த நாட்களில் நான் செய்தது என்ன என்றால், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பதுதான்.

8

ஐந்தாம் பகுதியை எழுதிய உற்சாகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மொக்கம்மாளிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவளைப் பற்றி ஒருவன் இவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறான் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. ஆசாரியைப் பார்க்கப் போன விஷயத்தை முத்துப்பிரியா ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தாள். மற்றதை நான் இட்டுக்கட்டினேன்.

மொக்கம்மாள் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். கையில் இருந்து குழாய்கள் மிஷினுக்குப் போயின. என்னை யாரென்று மகள் சொல்லியிருந்தாள் போல. "நோட்டீசு அப்புவா, ஒக்காரு" என்றாள். கோபம் இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

படித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். புகை எழுந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினாள்.

"அங்க நிறுத்து. ஆசாரி அப்படிச் சொல்லல."

"வேற என்ன சொன்னாரு?"

"வேரு, தழைன்னு அவரு சொல்லவே இல்ல அப்பு. மொகத்தத் திருப்பிக்கிட்டு, வேட்டிய எடுத்து மூக்கப் பொத்திக்கிட்டாரு. 'ஆத்தா, இது பாதரசம் போற மாதிரி இருக்கு, இத நீ திங்காத'ன்னாரு. அவருக்குத் தெரியாதா, தங்கத்தோட அதப் போட்டுப் பொழங்குற ஆளு."

"பெறகு ஏன் தின்னீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான்தான் இடுப்புல இருந்து நோட்டீச எடுத்துக் காமிச்சேன். 'பாதரசம் அறவே இல்ல'ன்னு அச்சுல போட்ருக்கே ஆசாரியாரேன்னு. அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் படிச்சாரு. 'சோதிச்சுப் பாத்துத்தான் போட்ருக்காக, அப்ப எனக்குத்தான் தப்பாத் தெரியுது'ன்னுட்டாரு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"ராசா கதையெல்லாம் நான் நம்பல. ராசா எந்தக் காலத்துல மழையில குத்தவச்சுக் காய் எடுத்தாரு, அவருக்கு மூட்டு வலிக்க? கால் நடக்கும், கை மலரும்னு போட்டதையும் நம்பல, அது எல்லாரும் போடுறது. அந்தக் கடைசி வரியத்தான் நம்புனேன். பாதரசம் இல்லன்னு ஒருத்தன் எழுதுறான்னா, அதப் பத்தி யோசிச்சுப் பாத்துத்தான எழுதியிருப்பான்?"

யோசித்துப் பார்த்துத்தான் எழுதினேன். வரியின் ஓசையை.

"கொஞ்சம் வெள்ளம் தரச் சொல்லு அப்பு" என்றாள் பிறகு. "இந்த நர்சுப் புள்ள ஒரு மூடிதான் தருது. மலையில ஓடை ஓடையாக் குடிச்ச ஒடம்பு." நர்சைக் கேட்டேன். டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளந்துதான், இன்றைக்கு உள்ள அளவு முடிந்துவிட்டது என்றாள். நான் அதை மொக்கம்மாளிடம் போய்ச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

[ஐந்தாம் பகுதியைத் திருத்தி எழுதியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அதில் நான் எழுதிய அழகான பொய், அவள் தலையிலும் ஆசாரி தலையிலும் பழியைப் போட்டுவிட்டு எப்படிக் கைகழுவுகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். அவள் கெட்டதைத் தேடாமல் விட்டவள் இல்லை. தேடினாள், கேட்டாள், பதிலும் கிடைத்தது. அந்தப் பதில்மேல்தான் நான் தாளை வைத்து மறைத்தேன்.]

9

இனி முடிவுகள். இந்த மாதிரிக் கதைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவு தருவது வழக்கம்.

முதல் முடிவு: எழுதினவன் கையெழுத்துப் போடுகிறான். ஈஸ்வரைப் பிடிக்கிறார்கள். இதில் நான் நல்லவனாகிவிடுகிறேன். இரண்டு சிறுநீரகத்தைக் கொடுத்து என்னை நல்லவனாக்க மொக்கம்மாள் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை.

இரண்டாம் முடிவு: கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து ஊர் அச்சகத்துக்கு இதே நோட்டீசு வருகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவன் என் வாக்கியங்களை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே அடிக்கிறான். நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டுகிறான்.

மூன்றாம் முடிவு: மொக்கம்மாள்

எழுத மாட்டேன். அவள் சாவை வைத்து ஒரு கதையை முடித்துக்கொள்கிற அளவுக்கு இன்னும் நான் இறங்கவில்லை. அல்லது, "கண்ணீர் அஞ்சலி" எழுதச் சொல்லி அவள் வீட்டிலிருந்தே என்னிடம் வருவார்களோ என்ற பயம்.

நான்காவது: முடிவை வாசகர்களாகிய உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்கள் மனச்சாட்சிப்படி நீங்களே—

இந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் முத்துப்பிரியா வந்தாள். இன்று மதியம், பன்னிரண்டு மணி. மேசைமேல் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "எழுதிட்டீங்களாண்ணே?" என்று ஆவலோடு எடுத்தாள். நான் தடுப்பதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். அம்மா பேசுகிற இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசித் தாளுக்கு வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"வாசகர்கிட்ட விட்டுட்டேன்னு போட்ருக்கீங்க."

"அது ஒரு உத்தி தாயி. இப்படி எழுதுறது—"

"வாசகராண்ணே நோட்டீசு எழுதுனாரு?"

தாள்களை ஒழுங்காக அடுக்கித் திரும்ப வைத்தாள். கசக்கவில்லை, கிழிக்கவில்லை. அம்மாவைப் போலவே கை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "படிக்கையில அழுக வருது. ஆனா இத ஸ்டேசன்ல குடுத்தா கதைன்னு சொல்லித் திருப்பித் தந்துருவாங்க. அதுக்குத்தான கதையா எழுதுனீங்க?"

பிறகு தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். முன்பு வைத்த வெள்ளைத்தாள் தாள்கட்டுக்கு அடியில் இருந்தது. அதை உருவி என் முன்னால் வைத்தாள்.

"இப்ப எழுதுங்க. ரெண்டு மணிக்கு அம்மாவ மிஷின்ல இருந்து எறக்குவாங்க, அதுக்குள்ள நான் போகணும். கதைக்கு வைக்கிற பேரு வேணாம். ஆதாரு கார்டுல இருக்கிற பேரு."

10

"கீழே கையொப்பமிட்டுள்ள விஜயபாண்டி ஆகிய நான், போடிநாயக்கனூரில் அச்சகம் ஒன்றில் பணிபுரிகிறேன். தங்க பஸ்பம் குறித்த இணைப்பில் கண்ட நோட்டீசை எழுதியவன் நானே. எழுதச் சொன்னவர் ஈஸ்வர் என்பவர். 'பாதரசம், ஈயம் அறவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது' என்ற வாசகத்தை அவர் கேட்கவில்லை. எந்த ஆய்வறிக்கையையும் பார்க்காமல் நானாகவே சேர்த்தேன். அதை நம்பி மருந்து உண்டவர் மொக்கம்மாள், சிலமலை."

நன்றாக வந்திருக்கிறது. இந்தக் கதை முழுவதிலும் பிசிறில்லாத வாக்கியங்கள் இவைதான்.

ஆனால் இவற்றை எழுதியிருப்பது என் கதைத் தாளில். விஜயபாண்டி என் பெயர் இல்லை. ஈஸ்வர் அவர் பெயர் இல்லை. மொக்கம்மாள் என்ற பெயரில் ஆஸ்பத்திரியில் யாரும் படுத்திருக்கவில்லை. மகள் வைத்த வெள்ளைத்தாளில் இன்னும் ஓர் எழுத்துகூட விழவில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதில்தான் எழுதுகிறேன் என்று முத்துப்பிரியா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது. போடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்சு பிடித்துப் போக அவளுக்கு இனிமேல் நேரம் சரியாக இருக்கும்.

"முடிச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுக் கையை நீட்டுகிறாள்.